காற்றில் விடாத கேஸ்

ஏசி மெக்கானிக்குகள் நடுவில் அவருக்குப் பெயர் புஸ். பழைய ஏசியைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருக்கும் கேஸை மற்றவர்கள் மெல்லத் திறந்துவிடுவார்கள். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே திருகு. புஸ்ஸென்று ஒரு சீறல், முகத்தில் ஜில்லென்று ஒரு காற்று, வேலை முடிந்தது. அந்தக் கேஸ் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. மேலே போகிறது, வேறெங்கே போகும்.

ஐஸ் ஃபேக்டரியில் குழாய் துடைக்கிற வேலையில் ஆரம்பித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் சொந்தக் கடை போட்டவர். ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். நாடி பார்க்கிறார் என்று சந்து சிரிக்கும். ஊருக்கெல்லாம் குளிர் போட்டுக்கொடுக்கிறவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன். அதுவும் மனைவியின் தையல் மெஷினைப் பார்த்துத்தான் சுற்றும்.

அந்த வருஷம் வெயில் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இருட்டிய பிறகும் சுவர் சுட்டது. வீட்டுக்கு வீடு ஏசி வாங்கினார்கள். ஒவ்வொரு ஏசியும் உள்ளே இருக்கிற சூட்டைத் தெருவில் கொட்டியது. தெரு சூடானதும் பக்கத்து வீட்டுக்காரனும் ஏசி வாங்கினான். கரண்ட் பற்றாமல் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கரண்டுக்காக எங்கோ இன்னும் கொஞ்சம் நிலக்கரியை எரித்தார்கள். மெக்கானிக்குகளுக்குச் சாப்பிட நேரமில்லை.

அப்போதுதான் நகராட்சி இன்ஜினியரம்மா மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுத்தார். நீங்கள் திறந்துவிடும் ஒரு கிலோ கேஸ் ரெண்டாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், பூமிக்கு மேலே கம்பளி மாதிரி போர்த்திக்கொண்டு சூட்டை வெளியே விடாது என்றார். முன்வரிசையில் சிலர் தலையைத் தொங்கப்போட்டார்கள். புஸ்ஸுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"நான் ஒரு திருகு திருகினா அவ்வளவு சூடாம். அப்போ திருகாம இருந்தா?"

"அவ்வளவு பெரிய ஆளு, முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க. வேகுது" என்றாள்.

நகராட்சியில் ஒரு சட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது, சாலையோரம் மரம் வைப்பது, பெரிய கடைகளில் ஏசியை இத்தனை டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது எல்லாவற்றோடும் இது ஒன்று: இனி யாரும் கேஸைக் காற்றில் விடக் கூடாது. மெஷின் வைத்து உறிஞ்சி, சிலிண்டரில் பிடித்து, நகராட்சியின் கேஸ் மையத்தில் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் அது திரும்பவும் உதவும். ஆனால் அந்த வேலை யாருக்கு? ஊர் முழுக்க ரிப்பேர் உரிமையைத் தங்களுக்கே கொடுங்கள் என்று ஒரு பெரிய கம்பெனி கேட்டிருந்தது. சந்து மெக்கானிக்குகளால் முடியும் என்று இன்ஜினியரம்மா வாதாடி, ஒரு கோடைக்குத் தவணை வாங்கியிருந்தார். கோடை முடிவதற்குள் சந்து நூறு கிலோ பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு கேஸோடு இன்னொன்றைக் கலந்து கொண்டுவந்தால் சந்து ஆட்டத்தில் இல்லை.

புஸ் கடை கடையாக ஏறி இறங்கினார். "நீயாடா சொல்ற?" என்று ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு அவரும் சேர்ந்தார். எல்லாருக்கும் பொதுவாக ரெண்டு சிலிண்டர்: பழைய ஏசி கேஸுக்கு ஒன்று, புது ஏசி கேஸுக்கு ஒன்று. நிறைந்ததும் மையத்துக்குப் போய்க் காலியாகித் திரும்பும். புஸ்ஸின் வேனில்தான் அவை ஊர் சுற்றின. கோடை முடியும் தறுவாயில் நூறுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள்.

அன்று பாத்திரக்கடை மாடியில் துருப்பிடித்த ஒரு பழைய ஏசி. உச்சி வெயில். கூட மனைவியின் தம்பி. பழைய கேஸ் சிலிண்டர் மையத்துக்குப் போயிருந்தது, சாயங்காலம் வரும், அதுவரை தொட வேண்டாம் என்றுதான் இருந்தார்கள். கையை வைத்துப் பார்க்கலாமே என்று புஸ் கையை வைத்தார். வால்வு கையோடு வந்துவிட்டது. கேஸ் சீறியது.

யாராக இருந்தாலும் ரெண்டடி பின்னால் நகர்ந்து, போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அவர் துணியைச் சுருட்டி ஓட்டையை அடைத்தார். குளிரில் விரல் நுனிகள் வெளுத்தன.

"அந்தப் பக்கத்து வால்வுல ஹோஸை மாட்டுடா."

"மாமா, புது கேஸ் சிலிண்டர்தான் இருக்கு."

"மாட்டுன்னா மாட்டு."

மெஷின் உறிஞ்சி முடித்தது. துணி அடைத்த பிறகு ஒரு மூச்சு வெளியே போகவில்லை. புஸ் மாடியில் நின்றபடி கைகொட்டிச் சிரித்தார். படியில் பாதி இறங்கும்போதுதான் சிரிப்பு நின்றது. அந்தச் சிலிண்டரில் இருந்தது சந்து முழுக்கச் சேர்த்த கேஸ். இப்போது அது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எந்த ஏசிக்குள்ளும் போகாது.

மச்சான் வேன் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான். "மாமா, திறந்து விட்டுடலாம். சிலிண்டர் லீக்காயிடுச்சுன்னு சொல்லுவோம். எடை குறையும், இன்னும் ஒரு வாரம் கெஞ்சிக் கேக்கலாம். கலந்ததுன்னு தெரிஞ்சா சந்தே போச்சு."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. புஸ் சிலிண்டரின் திருகில் கையை வைத்தார். ஆயுசில் எத்தனையோ தடவை செய்த வேலை. கொப்புளம் போட ஆரம்பித்த விரல் எரிந்தது. இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டு வேனைக் கிளப்பினார்.

மையத்தில் இன்ஜினியரம்மா சின்னக் கருவியைச் சொருகிப் பார்த்தார். பார்த்ததையே இன்னொரு தடவை பார்த்தார்.

"கலந்திருக்கு."

"கலந்தது நான்தான்" என்று ஆரம்பித்து, வால்வு, துணி, விரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார் புஸ். சந்தைத் தண்டிக்காதீர்கள், என்னை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்.

இன்ஜினியரம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "ஏன் திறந்து விடல? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்கம்மா. நீங்க வாங்க மாட்டீங்கன்னா வேற என்ன பண்ணுவாங்க?"

இன்ஜினியரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கலந்த கேஸை சிமெண்ட் ஃபேக்டரி சூளையில் எரித்துவிடலாம், அதற்கு அனுமதி கொடுங்கள் என்று அவர் மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கலந்த கேஸ் என்று ஒன்று வந்தால்தானே, இதுவரை ஒரு சொட்டுகூட வரவில்லையே என்று சிரித்தார்களாம். அங்கேயே ஃபோனைப் போட்டார். புஸ்ஸின் விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். பேச்சு நீண்டது, குரல் ஏறியது, பிறகு இறங்கியது.

"எரிக்க ஒத்துக்கிட்டாங்க. இதுக்குக் காசு வராது. எடை சேரும். தண்டனை எதுவும் இல்ல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க ஆளுங்ககிட்ட கலந்தது இருந்தா அதையும் கொண்டுவரச் சொல்லுங்க."

சந்தில் வந்து புஸ் அதை எல்லாருக்கும் சொன்னார். நாங்கள் என்ன கலக்குகிறவர்களா என்று ஒருவர் முறைத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ்காரர் கடைக்குள் போனார். தார்ப்பாய் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சும்மா கிடந்துச்சு" என்றார். "விடவும் மனசு வரல."

அதன் பிறகு ஷட்டர் ஷட்டராகத் திறந்தது. மேஜைக்கு அடியிலிருந்து, கழிவறைக்குப் பின்னாலிருந்து, பரணிலிருந்து சின்னதும் பெரியதுமாக வந்தன. கலந்துபோனதைத் திறந்துவிட மனசில்லாமல், கொடுக்கத் தைரியமில்லாமல் ஆளுக்கு ஒன்று ஒளித்துவைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் திட்டிக்கொண்டே தூக்கினார்கள். வேன் பற்றாமல் தள்ளுவண்டி பிடித்தார்கள்.

மறுநாள் மையத்துத் தராசில் ஒவ்வொன்றாக ஏறியது. காலி சிலிண்டரின் எடையைக் கழித்துக் கழித்து இன்ஜினியரம்மா சத்தமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். நூறு என்றார். சந்து கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள்.

தோளில் சிலிண்டரோடு நின்ற மச்சான் கேட்டான். "நூறு தாண்டிடுச்சே மாமா, இறக்கிடட்டுமா?"

"போதும்னு யாருடா சொன்னது?" என்றார் புஸ். "ஏத்து."