வெறும் தடிமன்தான்

முதலில் மகன் ஒரு தும்மல் தும்மினான். அவனுக்கு அப்போது நான்கு மாதம். தும்மிவிட்டுத் தானே திடுக்கிட்டுக் கண்ணை உருட்டினான். நானும் மனைவி ருஸ்னாவும் சிரித்தோம்.

அந்த வீட்டில் நாங்கள் பயந்துகொண்டிருந்தது அவனுக்காக அல்ல, மகள் மர்யமுக்காக. குறைமாதத்தில் பிறந்தவள். மூன்று வயது வரை மாதம் தவறாமல் மூச்சிழுப்பு வரும். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) பிடித்துத்தான் வீட்டுக்குத் திரும்புவோம்.

பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் என் துணிக்கடையையும் வீட்டுக் கதவையும் சாத்தினோம். நாடே மூச்சுக்குப் பயந்து கிடந்த அந்தக் காலத்தில் என் மகள் ஒருநாள்கூட இருமவில்லை. வெளியே சொல்ல வெட்கம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் நாங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. மகன் பிறந்தது அப்படியொரு மூடிய வீட்டில்தான்.

மர்யமை ஐந்து வயதில் நர்சரிக்கு அனுப்பினோம். இரண்டாம் வாரமே தடிமன் பிடித்து மூக்கு ஒழுக வந்தாள். ருஸ்னா மணிக்கூட்டைப் பார்த்து அவளுடைய மூச்சை எண்ணினாள். நான் நீலப் பம்பை (இழுப்பைத் தணிக்கும் இன்ஹேலர்) கொடுத்தேன். மூன்றே நாளில் தேறிவிட்டாள். தம்பியைத் தூக்கி மடியில் வைத்து முத்தமிட்டாள். அவன் தும்மியது அதற்கு மறுநாள்.

அதன்பின் இரண்டு நாளில் அவன் பாலை விட்டுவிட்டான்.

"குடிக்கிறானில்ல. நெஞ்சு உள்ளுக்குப் போய்ப் போய் வருது, பாருங்க," என்றாள் ருஸ்னா.

விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் குழி விழுந்தது. இதை வாசிப்பவர்கள் தங்கள் குழந்தையிடம் அப்படியொரு குழியைக் கண்டால், மீதியை வாசிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கொரோனா பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. நடைபாதையில் நின்றபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றேன். என் நானாவுக்கு (அண்ணனுக்கு) போன் எடுத்தேன்.

"வெறும் தடிமன்தானேடா, பயப்புடாத," என்றார் நானா. நானும் அதை நம்பினேன்.

வார்டு டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ப்ரொங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுவது) என்று சொன்னார்.

"அவன் வீட்ட விட்டு வெளியவே போகல்லயே, டொக்டர்."

"வீட்டில வேற பிள்ளை இருக்கோ?"

"ஒரு மகள். நர்சரிக்குப் போறா."

"ஓம்," என்றார். அதை அட்டையில் எழுதினார். பிறகு விளக்கினார். "மாஸ்க்கோட, வீட்டுக்குள்ள எல்லாரும் இருந்ததால இந்தச் சாதாரணக் கிருமியளும் திரியேல்லை. தாய்க்கும் கனகாலம் தொற்று வராட்டி, வயித்தில இருக்கேக்க பிள்ளைக்குப் போற எதிர்ப்புச் சக்தியும் குறைஞ்சிருக்கலாம். இப்ப எல்லாம் ஒண்டாத் திறந்ததும் வார்டு நிரம்பிக் கிடக்கு."

"அப்ப கதவ மூடினது பிழையா?"

"பிழையெண்டு சொல்லேலாது. கனபேரைக் காப்பாத்தினது."

"இவன?"

அவர் அட்டையை மூடிவிட்டு மகனின் கட்டிலுக்குப் போனார்.

குழந்தையோடு ஒருவர்தான் நிற்கலாம். ருஸ்னா நின்றாள். நான் வீட்டில் மர்யமோடு இருந்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் போன் வந்தது. ருஸ்னா. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. நான் "சரி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மௌத்தான மகனின் ஜனாஸாவை (உடலை) வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளைத் துணியில் அவன் ஒன்றரை முழ நீளத்துக்குத்தான் இருந்தான். வீடு நிறையச் சனம். பக்கத்தில் நின்ற மர்யம் இருமினாள். பழைய தடிமனின் மிச்சம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயப் பொத்து! தம்பிக்குக் குடுத்தது போதாதா?"

வேறு யாரோ சொன்னதாக இதை எழுதிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். சொன்னது நான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருமல் சத்தமே இல்லை. மகளுக்கு நோய் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அவளுக்குத் தினமும் கொடுக்கவேண்டிய மண்ணிறப் பம்பையும் (இழுப்பு வராமல் தடுக்கும் மருந்து) யாரையும் கேட்காமல் நிறுத்தினேன்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவளைக் காணவில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். துவாயைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். அதை இழுத்தெடுத்தபோது உதடு நீலமாக இருந்தது.

ருஸ்னாவும் நானும் ஏறிய த்ரீவீலரில் (ஆட்டோவில்) கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்வரை என் மடியில் மகளின் நெஞ்சு விசிலடித்தது. அதே வார்டு, அதே டொக்டர்.

"இது இண்டைக்கு வந்த இழுப்பில்லை. கனநாளா இருந்திருக்கு. இருமினவவோ?"

"இல்ல டொக்டர். ஒருநாளும் இருமல்ல."

மூக்கையும் வாயையும் மூடிய ஒக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து மர்யம் சொன்னாள்: "இருமினா உம்மாவும் மௌத்தாகிருவாங்க."

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். ருஸ்னாவும் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு எத்தனையோ விஷயம் பேசியிருக்கிறாள். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகள் பிழைத்தாள். பதினொரு நாள் வார்டில் இருந்தாள். உடலியக்கச் சிகிச்சை செய்யும் ஒரு பெண் தினமும் வந்து, அவளுடைய முதுகில் கைவைத்து, "சளி வெளிய வரணும் மகள், நல்லாச் சத்தமா இருமுங்க" என்று பழக்கினார். மற்றப் பிள்ளைகள் பிறந்த அன்றே தெரிந்துகொள்வதை என் மகள் ஒரு பாடமாக, அழுதழுது படித்தாள்.

கதவை மூடுங்கள் என்றோ திறந்து வையுங்கள் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக்கு நோய் வந்த வழியில் ஒரு பிள்ளை நின்றிருந்தால், அதன் காதுபட எதையும் சொல்லாதீர்கள்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். ஓடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள். ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது இருமல் வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். எத்தனை தடவை சொல்லியும் அது மாறவில்லை. அந்த நொடியில் என் மூச்சும் நின்றுவிடுகிறது. நான் தலையை ஆட்டுகிறேன். அதன் பிறகுதான் இருமுகிறாள்.