ஜோர்ஜின் இடப்பக்கம்

1. கண் வைக்கச் சொன்ன காலை

"மத்தில்டா, அந்த ரெண்டு பேரிலையும் ஒரு கண் வைச்சிருங்கோ."

முதலாளி பியேரோ இதைச் சொன்னபோது நான் வானில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இத்தாலியனில். படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லோருடைய பேச்சையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

நான் மன்னார்க்காரி. பலெர்மோவில் பொலிதேயாமா பக்கம் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பல வருடம் பார்த்துக்கொண்டேன். அவர் காலமான பிறகு, அவருடைய மருமகன் பியேரோ தன் சைக்கிள் சுற்றுலாக் கம்பனிக்கு என்னை வான் ஓட்ட எடுத்தார். விருந்தினர்கள் சைக்கிளில் போவார்கள். நான் அவர்களுடைய பெட்டிகளை அடுத்த தங்குமிடத்தில் இறக்கிவிட்டு, வழியில் தண்ணீரும் பழமும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பிரான்காச்சோவில் உள்ள எங்கள் வேர்க்ஷொப்பில் சைக்கிள் திருத்தும் ரஞ்சன் யாழ்ப்பாணத்துப் பையன். பயணத்தில் கடைசி ஆளாக ஓட்டி வருவதும் அவன்தான்.

எங்களிடம் வருகிறவர்களில் இங்கிலீஷ்காரர் அதிகம். அவர்களுக்கு வாகனம் வராத பாதை வேண்டும். சிசிலியின் உள்நாட்டில் தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதைகள் கிடக்கின்றன. ஏற்றம் குறைவு, நடுவே சின்னச் சுரங்கங்கள், இரண்டு பக்கமும் கோதுமை வயல். பியேரோவின் விளம்பரத்தில் 'வாகனமே இல்லாத பயணம்' என்றுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

அவர் கண் வைக்கச் சொன்ன இருவர் ஜோர்ஜும் மார்கரெட்டும். அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. வந்த மாலையே மார்கரெட் பாதை எங்கெங்கே வீதியைக் குறுக்கே வெட்டுகிறது, அங்கே கேற் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் பொருந்தும் என்று பியேரோவைக் கேட்டிருக்கிறார்.

"ஆர் லீவுக்கு வந்து இன்சூரன்ஸ் கேக்கிறது?" என்றார் பியேரோ. "போன வருசம் ஒருத்தன் வேணுமெண்டு விழுந்து, என்னை அவ்வொக்காத்தோ மட்டும் இழுத்தவன். இவையும் அந்த ஆக்கள்தான்."

அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர், என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. கம்பனி போனால் என் வேலையும் போகும்.

2. பார்த்தவை

கண் வைக்கத் தொடங்கினால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

மற்றத் தம்பதிகள் முன்னும் பின்னுமாக, சிரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்திப் போவார்கள். மார்கரெட் மட்டும் கணவரை விட்டு அசையவே மாட்டார். எப்போதும் பக்கத்திலேயே, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஆள் கிட்டப் போனால் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் அவரை எங்கே இருத்துவது என்பதற்கே நேரம் எடுப்பார். ஒருநாள் நான் ஜோர்ஜுக்குத் தோடம்பழம் நீட்டினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கறுப்புத் தோலைக் கண்டால் காணாத மாதிரி இருக்கிற ஆட்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம் என்று முடிவு கட்டினேன்.

அன்று பின்னேரம், வாகனம் நுழையாதபடி பாதையின் நடுவே நட்டிருந்த மரக்கட்டையில் ஜோர்ஜ் ஹான்டிலை இடித்துக்கொண்டார். வெயிலில் பளிச்சென்று தெரிகிற கட்டை.

"அக்கா, நான் பின்னாலை நிண்டு பாத்தனான்," என்றான் ரஞ்சன். "பிறேக்கே பிடிக்கேல்லை. நேரா வந்து இடிச்சவர்."

"வேணுமெண்டோ?"

"வேறை என்னெண்டு? குருடனுக்கும் தெரியும் அந்தக் கட்டை."

பியேரோவுக்குப் போன் எடுத்தேன். "வீடியோ எடுங்கோ. என்ன நடந்தாலும் வீடியோ எடுங்கோ," என்றார். அடுத்த நாள் முழுக்க அவர்கள் என்னைக் கடக்கும்போதெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்தேன். மார்கரெட் அதைக் கவனித்தார். அவர் முகம் வெளிறியது. பிடிபட்ட ஆளின் முகம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. மண் சரிந்த இடம்

அதற்கு மறுநாள், இரவு பெய்த மழையில் மண் சரிந்து பழைய ரயில் பாதை மூடிப் போயிருந்தது. கொஞ்சத் தூரம் கீழே இறங்கிப் பெரிய வீதியால் போய், திரும்பப் பாதையில் ஏற வேண்டும். அந்த வீதியில் கல் ஏற்றும் லொறிகள் ஓடும். மற்றவர்களை வரிசையாக்கி ரஞ்சன் முன்னால் கூட்டிப் போனான். இவர்கள் இருவரும் பின்தங்கினார்கள்.

மார்கரெட் வானுக்கு ஓடி வந்தார். "ஜோர்ஜை வானிலை ஏத்துங்கோ. நான் சைக்கிளிலை வாறன்."

"ஏன்? என்ன பிரச்சினை?"

"களைப்பு."

ஜோர்ஜ் களைத்த ஆளாகத் தெரியவில்லை. 'வாகனமே இல்லாத பயணம்' என்று விளம்பரம் போட்டுவிட்டு வானில் ஏற்றினார்கள் என்று நாளைக்கு எழுதப் போகிறார்களா? நான் பதில் சொல்வதற்குள் ஜோர்ஜ் சத்தம் போட்டார்.

"நான் பெட்டி இல்லை, வானிலை ஏத்துறதுக்கு!"

சொன்ன கையோடு மிதித்துக்கொண்டு வீதியில் இறங்கிவிட்டார். மார்கரெட் தன் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு என் பக்கத்து சீற்றில் ஏறினார். "போங்கோ, போங்கோ!"

மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜோர்ஜின் பின்னால் வானை ஓட்டினேன். எனக்குப் பின்னால் ஒரு லொறி வந்து ஹோர்ன் அடித்தது. ஜோர்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக நடு வீதிக்கு, இடப்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். லொறி எங்கள் எல்லோரையும் சேர்த்து முந்துவதற்கு வெளியே எடுத்தது.

"அவருக்கு இடப்பக்கம் தெரியாது!" மார்கரெட் கத்தினார். "ஒண்டுமே தெரியாது! தலைக்குள்ளை ரத்தம் கட்டினதுக்குப் பிறகு இடப்பக்கம் இல்லை!"

எதிரே வீதி வெறுமையாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. வானை இடப்பக்கம் வெட்டி லொறியின் வழியை மறித்தேன். லொறிக்காரன் பிறேக் அடித்து, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நான் ஜோர்ஜுக்குச் சமாந்தரமாக வந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு முழு வான். அவர் நேரே பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தோடம்பழம் நீட்டிய நாளில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது புரிந்தது.

நான் கூப்பிட வாயெடுத்தேன். மார்கரெட் என் கையைப் பிடித்துத் தடுத்தார். கண்ணாடியை இறக்கி, ஒன்றும் நடக்காதது போலப் பேசினார்.

"ஜோர்ஜ், நான்தான். உங்களுக்குப் பக்கத்திலை வாறன். கொஞ்சம் வலக்கைப் பக்கம் எடுங்கோ. ஓம், அப்பிடித்தான். நேரா."

அந்த மெல்லிய குரல்தான். இத்தனை நாளாக நான் சதி என்று நினைத்த குரல். வீதியோரம் அகலமான இடம் வரும்வரை அப்படியே போனோம்.

4. பிறகு

நிறுத்தியதும் மார்கரெட் அழுதார். ஜோர்ஜ் புல்லில் உட்கார்ந்து ஹெல்மெற்றைக் கழற்றினார்.

இங்கிலாந்தில் அவர்களுடைய ஊரைச் சுற்றி இருக்கிற வாகனமில்லாப் பாதை எல்லாம் ஓடி முடித்துவிட்டார்களாம். வாய்க்கால் கரை, பழைய ரயில் பாதை, காட்டு வழி. அவர் ஓடக்கூடியது அவை மட்டும்தான். வேறு நாட்டில் ஒருமுறையாவது ஓட ஆசைப்பட்டு எழுதிக் கேட்ட கம்பனி எல்லாம் உண்மையைச் சொன்னதும் மறுத்துவிட்டன. அதனால் எங்களிடம் சொல்லவில்லை.

"நீங்கள் முதல் நாளிலை இருந்தே எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்," என்றார் மார்கரெட். "படமும் எடுத்தனீங்கள். கண்டுபிடிச்சு அனுப்பப் போறியள் எண்டு எனக்கு நித்திரையே இல்லை."

பியேரோ போனில் கொதித்தார். "பாத்தியளோ, மறைச்சவை! உடனே விமான நிலையத்துக்குக் கொண்டுவாங்கோ."

"மறைச்சது உண்மை. ஆனா அவையைத் தனிய விட்டது நாங்கள்," என்றேன். "மிச்சம் முழுக்கப் பழைய ரயில் பாதைதான். ரஞ்சன் ஜோர்ஜின்ரை இடப்பக்கமா ஓடுவான். கொண்டுவாறதெண்டால் வேறை ட்ரைவரைப் பிடியுங்கோ." அப்படி அவரிடம் பேசியது அதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு இணங்கினார்.

ரஞ்சன் இடப்பக்கம் ஓடினான். கட்டை வந்தால் கட்டை, ஆடு வந்தால் ஆடு என்று சொல்லிக்கொண்டே போனான். மார்கரெட் முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு வேகம் எடுத்தார். நான் தண்ணீரோடு காத்திருந்த இடத்துக்கு எல்லோருக்கும் முதலில், தனியாக, தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தவர் அவர்தான். "இவ்வளவு கெதியா ஓடி எத்தனையோ வருசம்," என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஜோர்ஜும் மார்கரெட்டும் ஒன்றை மறைத்தது மெய். ஆனால் மறைக்கிற எல்லோரும் எங்களிடமிருந்து எதையோ பறிக்க வந்தவர்கள் இல்லை. சொன்னால் கதவு சாத்தப்படும் என்று பயந்துதான் பாதிப்பேர் மறைக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் வருகிறவர்களைத் தனித்தனியாகக் கேட்கிறேன்: "உங்களுக்கு என்ன உதவி வேணும்? சொன்னால் திருப்பி அனுப்ப மாட்டம்." இரண்டாவது வசனத்தைச் சொல்ல பியேரோவிடம் அனுமதி வாங்க ஒரு பருவம் முழுக்கச் சண்டை பிடித்தேன். அந்த வசனம் இல்லாமல் முதல் கேள்விக்கு ஒருவரும் உண்மை சொல்வதில்லை.