ஏழாவது கதவு

டிசம்பர் 9, செவ்வாய். காலை ஐந்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது; பிடித்தேன். ஆறரைக்கு இட்லி ஊற்றினேன். பதினொரு மணிக்குத் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு, மகளின் பள்ளிக் கண்காட்சிக்குப் போனேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைக் கணவன் அடித்தே கொன்ற வழக்கை வகுப்பில் படித்து, பிள்ளைகள் ஓவியமும் கவிதையுமாகச் செய்து வைத்திருந்தார்கள். அண்டையிலிருந்த ஆறு வீட்டாரும் சத்தம் கேட்டதென்று சாட்சி சொன்னார்களாம். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

என் மகள் அட்டையில் வரிசை வீடுகள் செய்திருந்தாள். கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். ஒருத்தி மாவாட்டினாள், ஒருவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஏழாவது வீட்டில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கேஸ்ல ஆறு வீடுதான? இது யாருட்டி?"

"நீதாம்மா. பக்கத்து வீட்டுச் செல்வியக்காவுக்கு அடி விழுத நேரத்த டைரில எழுதுதியே. எழுதிட்டு நம்ம கதவச் சாத்திருத."

முகம் சுட்டது. அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அட்டை வீட்டைவிட எனக்கு அதுதான் பெரிய பெருமை.

டிசம்பர் 10, புதன். காலை ஐந்து மணிக்குச் செல்வியின் கணவர் ஷிப்டுக்குப் போனதும், டைரியோடு போய் அவள் கதவைத் தட்டினேன்.

"எல்லாம் தேதியோட இருக்கு, செல்வி. நீ எங்க போய்ச் சொன்னாலும் நான் கூட வாரேன்."

இன்று நான் தண்ணீர் பிடிக்கவில்லை.