பச்சை இலை வைத்த கேக்

‘ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்பெஷல் ஆர்டர் எக்காரணம் கொண்டும் வேறு வாடிக்கையாளருக்கு வழங்கப்பட மாட்டாது.’

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில், மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்த தேநீர் விடுதியில், கல்லாவுக்குப் பின்னால் இப்படி ஒரு பலகை தொங்கியது. மேலே ஆங்கிலம், கீழே மலையாளம். இரண்டையும் படித்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் ஆர்டர் கொடுத்தேன். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு இது பழக்கம். மொழிபெயர்ப்பில் ஓட்டை வைப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. என் மகள் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தாள். அவளைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பையனுக்கு மதராசில் ஒரு கம்பெனியில் வேலை, லாட்ஜில் வாசம். குடும்பம் எங்களைப் போலவே சுத்த சைவம். பையனின் அம்மா எங்களைவிட ஒரு படி மேல், வாரத்தில் இரண்டு நாள் விரதம். பெண் பார்ப்பதற்கு என்று நடைமுறை உண்டு. வீட்டில் பார்க்க வேண்டும், சொஜ்ஜி பஜ்ஜி செய்ய வேண்டும், பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் ஏற்படுத்தியது அல்ல, ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

“தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்பா. அந்த டீ ரூமுக்கு வரச் சொல்லுங்க. கொண்டு வந்து வைக்க அங்க ஆளு இருக்கு. நானும் உக்காந்து சாப்பிடுவேன்.”

“ஏங்க, கேக்குல முட்டை போடுவாங்களே,” என்றாள் என் மனைவி.

அதனால்தான் ஸ்பெஷல் ஆர்டர். விடுதியை நடத்தியவர் பூப்போட்ட கவுன் அணிந்த வயதான அம்மாள். முட்டை இல்லாமல் கேக் வேண்டும் என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“முட்டையில்லாத கேக்கோ? அது புட்டாயிப் போகும் சாரே.”

புட்டாகப் போனாலும் பரவாயில்லை என்றேன். தயிர் ஊற்றிச் செய்து பார்க்கிறேன் என்றார். கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கேக்கின் மேலும் பச்சை நிறச் சர்க்கரையில் ஓர் இலை வைத்துவிடுவதாக அவரே யோசனை சொன்னார். பலகை இரண்டு நாள் முன்னறிவிப்புக் கேட்டது. நான் நாலு நாள் கொடுத்தேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகான இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காயல், ஜன்னலில் பின்னல் வேலைத் திரை, நீலப்பூக் கோப்பைகள். ஆனால் அந்தக் கோப்பையின் காதில் என் விரல் நுழையாது. நாற்காலிகள் உட்கார்ந்தவரை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கும். யாரும் குரலை உயர்த்திப் பேசாத இடம் என்பதால் பரிமாறுகிறவரைக் கூப்பிடவும் முடியாது. கையைத் தூக்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அவர் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் காயலைத்தான் பார்ப்பார். கேக் மூன்று அடுக்குத் தட்டில் வரும். அன்னம், ரோஜா, குடை என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எங்கிருந்து வெட்டுவது என்று தெரியாமல் மக்கள் அன்னத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாயாவை ஆறவிடுவார்கள். இதற்குப் பெயர் அனுபவமாம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையன், அம்மா, அப்பா. கீழே கிடங்கிலிருந்து மிளகு நெடி பலகைத் தரை வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பையனின் அப்பா உட்கார்ந்ததும் தும்மினார். தும்மிவிட்டு, “மொளவு இங்க என்ன வெலைக்குப் போவுது?” என்று கேட்டார். கடைசி வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை. என் மகள், சொன்னபடியே, பையனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பையனின் அம்மா அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டார். பையனும் அவளோடு கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்று அடுக்குத் தட்டு வந்தது. அதில் அன்னம் இருந்தது, ரோஜா இருந்தது. பச்சை இலை ஒன்றுகூட இல்லை.

பரிமாறுகிறவரைக் கண்ணால் கூப்பிட்டேன். வந்தார்.

“சேட்டா, நம்ம ஸ்பெஷல் எங்கே?” என்று மெல்லக் கேட்டேன்.

“அது போயி சாரே.”

“போயின்னா?”

“அந்த மேசைக்கு.” ஜன்னலோரம் காட்டினார். குஜராத்தி வியாபாரி ஒருவரின் குடும்பம் குழந்தையின் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. “முட்டையில்லாத கேக்கு உண்டுன்னு கேட்டப்போ சேட்டு மொத்தமும் எடுத்து. சேட்டு நம்ம ஸ்திரம் ஆளல்லே? எல்லா ஞாயிறும் வரும்.”

ஆக, விதியை மீறினாலும் முட்டை சாப்பிடாதவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நியாயம் இருந்தது. பச்சை இலையை வாயின் இரண்டு பக்கமும் பூசிக்கொண்டு அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் எழுந்து கல்லாவுக்குப் போனேன். தட்டைச் சத்தமில்லாமல் எடுக்கச் சொல்லி, பிஸ்கட் கொண்டுவரச் செய்வதுதான் என் எண்ணம். ஆனால் பலகை கண்ணுக்கு முன்னால் தொங்கும்போது அதைப் படித்துக் காட்டாமல் எப்படி இருப்பது?

“போர்டு நான் எழுதினதில்ல சாரே,” என்றார் அந்த அம்மாள், வருத்தத்தோடு. “என்றெ பர்த்தாவு எழுதினது. அவரு போயி வருஷம் எத்ர ஆச்சு.”

விதியை எழுதியவர் காலமானாலும் விதி காலாவதி ஆகாது என்று அவருக்கு விளக்கினேன். புகார்ப் புத்தகம் கேட்டேன். அது நிறைந்துவிட்டது என்றார். புதிய புத்தகம் வாங்குவதற்கு என்ன நடைமுறை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பையன் தட்டில் வைத்த அன்னம் அதற்குள் காலி. ரோஜாவும் காலி. பரிமாறுகிறவர் தட்டை நகர்த்தப் போனபோது, “அந்தக் கிரீம் வச்சது மட்டும் இருக்கட்டும்,” என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டான். காகிதத்தை அவன் உரித்த லாவகத்தில், அவனுக்கும் கேக்குக்கும் பழைய சிநேகம் என்று தெரிந்தது. எங்கள் சைவத்தை நம்பி, அவனுடைய அம்மா தன் தட்டிலிருந்த குடையை முள்கரண்டியால் வெட்டி, ஒரு துண்டைத் தூக்கிவிட்டார். என் மனைவி சிலையாகியிருந்தாள்.

“அத்தை, அத வச்சிருங்க,” என்றாள் என் மகள். “முட்டை போட்டது.”

கரண்டி நின்றது.

“யாரு சொன்னா?”

“நம்மளுதுல பச்சை இலை வச்சிருக்கணும். இதுல இல்ல. நம்மளுது மாறி வேற மேசைக்குப் போயிருக்கு.”

பையனின் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“ஏலே, நீ தெரிஞ்சா தின்ன?”

பையன் வாயிலிருந்ததை விழுங்கினான்.

“தெரியாதும்மா.”

என் மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையனின் அப்பா தும்மினார்.

இங்கே தாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனதும் முதல் வேலையாக மகனைத் தலை முழுகச் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். படியிறங்கும்போது என் மனைவியிடம், “ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்,” என்றார். பில் வந்தது. அதில் ‘ஸ்பெஷல்’ என்று தனியாகப் போட்டிருந்தார்கள்.

ஊருக்குப் போய் லெட்டர் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. ஒரு வாரத்துக்குள் வந்தால் சம்மதம். இரண்டு வாரம் கழித்து வந்தால் ஜாதகம் பொருந்தவில்லை. வரவே இல்லை என்றால், ஜாதகத்தைக் குறை சொல்லக்கூட அவர்களுக்கு மனமில்லை. முதல் வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது.

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?” என்று என் மனைவி மகளிடம் கேட்டாள். “ஒரு வாய் உள்ள போயிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?”

“அவங்க விரதக்காரிம்மா. தெரிஞ்சுக்கிட்டே எப்படித் தின்ன விடறது?”

“இப்ப பாரு, நல்ல இடம் போச்சு.”

“அவருக்குத் தெரியும்மா, அது முட்டைன்னு. அம்மாகிட்ட உண்மையச் சொல்லுவாருன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.” மடித்து வைத்த புடவையை மறுபடி பிரித்து மடித்தாள். “எனக்கு அவர் பேசினது பிடிச்சுது. ஆனா வீட்ல சொல்லிட்டாருன்னா சரி. சொல்லலைன்னா எனக்கு வேண்டாம்.”

எதிர்த்தரப்பு முடிவு சொல்லும் முன் நம் தரப்பு நிபந்தனை போடும் நடைமுறையை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்லவில்லை. வேலைக்குப் படகு பிடிக்கப் போகிற வழியில் தபால்காரர் எதிர்ப்பட்டால் அவள் நடை மெதுவானதை நான் பார்த்திருக்கிறேன். நினைவூட்டல் கடிதம் ஒன்றை மரியாதையாக, கேட்பது போலவும் கேட்காதது போலவும், எழுதி வைத்தேன்.

“ரிமைண்டர் போடாதீங்கப்பா,” என்றாள். “கேட்டு வாங்குற பதில் எனக்கு வேண்டாம்.”

அதை அனுப்ப முடியாத ஆத்திரத்தில் தேநீர் விடுதிக்கு ஒரு புகார் எழுதினேன். பலகையின் வாசகத்தை மேற்கோள் காட்டி, இரண்டு மொழியிலும். அதற்கு எழுத்து மூலம் பதில் வரவில்லை. ஒரு மாலை பரிமாறுகிறவர் அட்டைப் பெட்டி ஒன்றோடு வாசலில் நின்றார். உள்ளே பச்சை இலை வைத்த கேக்குகள்.

“மேடம் கொடுத்து விட்டு. மோளுக்கு.”

“இப்ப எதுக்கு?” என்றேன்.

“ஆ குட்டி சத்தியம் பறஞ்சது மேடம் கேட்டு. நல்ல குட்டியாணு.”

என் மனைவி தொடவில்லை. மகள் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “கொஞ்சம் புட்டு மாதிரி.”

கார்த்திகையும் முடிந்தது. மார்கழியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஃபைலை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, ஜாதக நகலைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். மகளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் கடிதம் வந்தது. அதில் எத்தனை முறைகேடுகள் என்று சொல்கிறேன். முகவரி என் பெயருக்கு இல்லை, மகள் பெயருக்கு. எழுதியது பையனின் அப்பா இல்லை, பையன். ஓரத்தில் மஞ்சள் தடவவில்லை. ஜாதகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முதலில் தனியாகப் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கேக்கில் முட்டை இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றும், மதராசில் வழக்கமாகச் சாப்பிடுவதுதான் என்றும் எழுதியிருந்தான். கொல்லத்தில் வண்டி மாறும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசவில்லை. மதராசுக்குத் திரும்பியவன் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. அம்மா பேசாமல் தான் எப்படி எழுதுவது என்று காத்திருந்திருக்கிறான். போன வாரம் லீவில் ஊருக்குப் போனபோது, சோறு போட்டுக்கொண்டே அந்த அம்மாள் வாய் திறந்தாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: ‘அந்தப் பிள்ள கையால எத வேணும்னாலும் பயமில்லாமச் சாப்பிடலாம். ஒன் கையாலதான் சாப்பிட முடியாது. அவளுக்கு லெட்டர் போடு.’

“மார்கழியில எப்படிம்மா பதில் எழுதறது?” என்றேன்.

“இன்னிக்கே எழுதறேன்பா,” என்றாள் அவள், திரும்பாமல்.

எந்தக் கடிதம் வந்தாலும் மேல் ஓரத்தில் வந்த தேதியைக் குறிப்பது என் வழக்கம். பேனாவை எடுத்துக் குறித்தேன்: மார்கழி ஒன்பது.