முதல் வரிசை அட்டைகள்

அந்த ஆளை நினைத்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் கான்ட்ராக்டில் வேலை பார்த்த கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் அவர். ஒல்லி உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. பழைய காலத்துக் கோட்டை முற்றுகையை வைத்துச் செய்த போர் விளையாட்டுப் பலகை ஒன்று வைத்திருந்தார். மத்தியானம் கேன்டீனில் என்னை எதிரியாக உட்காரவைப்பார். கோட்டை அவருக்கு. படையட்டைகளை மூன்று வரிசையாக அடுக்குவார், சொத்தையானவை முன்னால். அவை விழுந்ததும் நகத்தால் சுண்டி டப்பாவுக்குள் தள்ளுவார்.

“முன்னாடி நிக்கிறவன் கதி இன்னா சார்?” என்றேன் ஒருநாள்.

“அவன் ஜெயிக்கிறதுக்கு இல்லப்பா, எதிரிய லேட் பண்ணத்தான். பின்னாடி இருக்கிறவங்களுக்கு டைம் வேணுமில்ல?”

அடுத்த மாதம் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். உத்தரவில் கையெழுத்து அவருடையது. கொதித்துப்போய் கேட்டை மறித்தோம். முதலாளி மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, இவரை மட்டும் கீழே அனுப்பியிருந்தார். சட்டை கசங்கி, தனியாக நின்றார்.

“இன்னா சார், இன்னிக்கி உன்னையே முன்னாடி நிக்க வெச்சிட்டானுங்களா?” என்று கத்தினேன்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்கு டைம் வேணுமில்லப்பா” என்றார், துளிக் கோபமில்லாமல்.

வேலை போனதைக்கூட விட்டுவிடுவேன். கோபமே வராத அந்த முகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.