பதினோரு கடிதமும் பதினைந்து மாதமும்

'2007 அக்டோபர் 6, சனி. பகுதி 9 பிரிண்ட் எடுத்தது. வீட்டைவிட்டுக் கிளம்பியது சித்திரை. குழந்தை பிறந்தது மறு வருடம் ஆடி. பதினைந்து மாதம். எழுதிச் சொல்ல வேண்டும்.'

என் நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. ஏதோ சொந்தக்காரர் வீட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வார இதழில் வந்த தொடர்கதையை, கதாநாயகி புருஷன் வீட்டை விட்டு வெளியேறுவதோடு திடீரென்று முடித்துவிட்டார்கள். அந்த முடிவைப் பொறுக்காத வாசகர்கள் இணையத்தில் ஒரு மன்றத்தில் கூடி, ஆளாளுக்கு மீதிக் கதையை எழுதினார்கள். அவர்களில் கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பெண் ஒருவர் மட்டும் நன்றாக எழுதினார். கதாநாயகியை மேகமலைக்கு ஏற்றி, தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்த்து, தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை வீட்டில் குடிவைத்தார். ஈர விறகு புகைவதை அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் எரிந்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. வாரம் ஒரு பகுதி எழுதுவார்.

நான் அப்போது சின்னமனூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எனக்கு வராது. சனிக்கிழமைதோறும் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அதை நடத்திய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். புதிய பகுதியைப் பிரிண்ட் எடுத்துத் தருவார். போன வாரப் பகுதியைப் பற்றி நான் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோகும் விமர்சனத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்ததும் என் கணக்கிலிருந்து மன்றத்தில் அடித்துப் போடுவார். அவரும் அந்தக் கதையை விடாமல் படிப்பவர்.

மன்றத்தில் விமர்சனம் என்று நடந்ததைச் சொன்னால் இப்போதும் தலை வலிக்கிறது. பகுதி வந்த பத்தாவது நிமிடத்தில் 'அருமை தோழி', 'சூப்பர்', 'அடுத்தது எப்போது?' என்று வரிசையாக விழும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல முப்பது பேர். பத்து நிமிடத்தில் அந்தப் பகுதியை எழுத்துக்கூட்டிக்கூடப் படித்திருக்க முடியாது. இந்தக் குப்பையைக் காகிதத்தில் ஏற்ற வேண்டாம், கதையை மட்டும் பிரிண்ட் எடுத்தால் போதும் என்று அந்தப் பெண்ணிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அந்தக் குப்பைக்கு நடுவே என் விமர்சனமும் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்தில் எந்த பஸ்ஸும் ஏறாது. பங்குனியில் அப்படி அடைமழை பெய்யாது. ஒன்பதாம் பகுதிக்கு, மாதங்களைக் கட்டம் போட்டுக் காட்டி, 'யானையாக இருந்தால் இன்னும் ஏழு மாதம் பொறுத்திருக்கும்' என்றும் ஒரு வரி சேர்த்தேன். எதுவும் திருத்தப்படவில்லை. வாரத்துக்கு வாரம் என் கடிதம் நீண்டது, எரிச்சலும்.

அக்டோபர் 27 அன்று எடுத்த பகுதி 12இன் அடியில் எழுதியவரின் குறிப்பு ஒன்று இருந்தது. 'சின்னமனூர் ஐயா வாரம் தவறாமல் பாராட்டுகிறார், நன்றி. ஆனால் ஒரு குறையாவது சொல்ல இங்கே யாரும் இல்லையா? யாரும் கவனித்துப் படிப்பதாகத் தெரியவில்லை. அடுத்த பகுதியோடு எழுதுவதையே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.'

பாராட்டினேனா? அந்த இடத்திலேயே என் பெயரில் போன அத்தனையையும் திரையில் காட்டச் சொன்னேன். அன்று கொடுத்ததையும் அதற்குள் போட்டிருந்தார். பதினொன்றும் இரண்டிரண்டு வரி. 'நன்றாக இருக்கிறது. மேகமலையை நேரில் பார்த்ததுபோல் உள்ளது.' அவையும் நான் எழுதியவைதான். கடிதத்தை மரியாதைக்காக அப்படித் தொடங்குவேன். மீதியைச் சென்டர் பெண் அடிக்கவே இல்லை.

"ஏம்மா, மிச்சமெல்லாம் எங்க?"

"கோவிச்சுக்கிறாதீகண்ணே. பஸ்ஸு லேட்டா வந்தா டிரைவரை ஏசுற மாதிரியில்ல ஏசிவச்சிருந்தீக. அவுக மனசு ஒடிஞ்சு விட்டுட்டாகன்னா, மிச்சக் கதையை எனக்கு யாரு சொல்லுவா?"

"இப்ப விடப்போறாகளே, அதுக்கு யாரு பொறுப்பு?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். என் கடிதங்களைத் தூக்கிப்போடாமல் அதில்தான் வைத்திருந்தார். பதினொன்றையும் ஒரு சொல் குறையாமல் அன்றே போடச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு குறைகள். எழுதுவதை விடப்போகிறேன் என்று சொல்லும் ஒருவர் தலையில் நாற்பத்திரண்டையும் ஒரே நாளில் கொட்டலாமா என்று நான் யோசிக்கவில்லை. ஒருவர் குறை கேட்கிறார், என்னிடம் குறை இருக்கிறது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை வரை பொறுக்காமல் செவ்வாய்க்கிழமையே போனேன். கூடலூரிலிருந்து பதில் வந்திருந்தது. அதை முழுதாகப் பிரிண்ட் எடுத்தேன்.

'ஐயா, பஸ் நேரத்தைத் திருத்திவிடுகிறேன். மழையும் தப்புதான். பதினைந்து மாதம் மட்டும் பிழை அல்ல. அந்தக் குழந்தை புருஷனுடையது இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்லாமல், யாராவது மாதத்தை எண்ணிப் பார்ப்பார்களா என்று மூன்று வாரமாகக் காத்திருந்தேன். எண்ணியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் எனக்கு எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பரவாயில்லை. ஒருவர் எண்ணியிருக்கிறார், அது போதும். இனி நிறுத்த மாட்டேன்.'

நான் அந்தக் கட்டத்தை வரைந்தபோது, 'ஏன்' என்று ஒரே ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யானையைப் பற்றி எழுதினேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அதற்குள் அந்த முப்பது பேரும் மாதம் எண்ணக் கற்றுக்கொண்டார்கள். 'எங்கள் கதாநாயகியை இப்படிக் கெடுக்க நீ யார்' என்று அவரைக் கேட்டார்கள். ஒன்பதாம் பகுதிக்கு 'அருமை' போட்டவர்களே அதே பகுதியை 'அசிங்கம்' என்றார்கள். என்னையும் விடவில்லை. 'பிள்ளைப்பேற்றில் ஆம்பளைக்கு என்ன ஆராய்ச்சி' என்று ஒருவர். 'குறை கண்டுபிடிக்கத்தான் கதை படிக்கிறீர்களா' என்று இன்னொருவர். அதற்கு மட்டும் நானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டி, 'ஆமாம்' என்று போட்டேன்.

நவம்பர் 3, சனிக்கிழமை நான் போனபோது அந்தக் கதையையே மன்ற நிர்வாகி நீக்கியிருந்தார். கூடலூர்ப் பெண்ணின் கணக்கும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை காலை பகுதி 13 வந்ததாகவும், அதுதான் கடைசிப் பகுதி என்றும், தான் படித்ததாகவும் சென்டர் பெண் சொன்னார்.

"பிரிண்ட் எடுக்கலையா?"

"நீங்கதான சனிக்கெழமை வந்து எடுப்பீக."

"சரி, எப்படி முடிச்சிருந்தாக?"

"சுபமாத்தாண்ணே. பிள்ளையோட அப்பன் அங்கன எஸ்டேட்டுக்கே வந்து சேந்துட்டாரு."

"யாரு அப்பன்?"

"அதெல்லாம் எதுக்குண்ணே, நல்லபடியா முடிஞ்சா போதாதா?"

என் பதினோரு கடிதங்களையும் இரண்டிரண்டு வரியாக்கியவர் சொல்கிற முடிவு இது. கம்பத்திலும் கூடலூரிலும் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களிடம் விசாரித்தேன். யாரிடமும் பிரதி இல்லை. 2010இல் தேடியபோது அந்த மன்றமே திறக்கவில்லை. ஆகவே பகுதி 13 வெளிவந்ததா, வந்திருந்தால் அந்தக் கதை சுபமாகத்தான் முடிந்ததா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.