பின்மூடிக்கு உள்ளே

மணிக்கூட்டின் முதுகில் கொடியும் இலையும் பெயரும் வெட்டுகிறவனின் வேலை, கையில் கட்டியிருப்பவர் கழற்றினால் மட்டுமே வெளியில் தெரியும். மட்டக்களப்பு நகரத்தில் எனக்கு அதுதான் பிழைப்பு. அடுத்தவர் பொருளில் கைவைத்துப் பேச்சு வாங்கிய எல்லோருக்கும் என் பாடு புரியும்.

தச்சர் வெட்டிய இலை

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கூட்டைத் திறந்தவன் தன் குறியொன்றைப் பின்மூடியின் உட்புறத்தில் சின்னதாகக் கீறி வைப்பான். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பத்துத் தச்சரான வின்சன்ட் அண்ணன், திறந்து கிடந்த தன் மணிக்கூட்டுக்குள் என் குறியைக் கண்டுவிட்டார். "சொந்தக்காரன் நான். என்ட குறி எங்க?" என்று என் உளியை வாங்கி, பக்கத்தில் ஓர் இலை வெட்டப் பார்த்தார். உளி வழுக்கி, காகத்தின் கால் போல ஒரு கீறல் ஆழமாக விழுந்தது. உளியைத் திருப்பித் தந்தார்.

"மரம் சொல்லுக் கேக்கும் தம்பி, இரும்பு திமிர் பிடிச்சது."

நான் போட்ட பொலிஷ்

சுனாமி வின்சன்ட் அண்ணனைக் கொண்டுபோனது. மணிக்கூடு மட்டும் சேற்றுக்குள் கிடைத்தது. அவருடையதென்று மிஞ்சிய ஒரே பொருள் அது. ஓடுமா என்று கேட்டு அவர் மனைவி தெரேசா அக்கா கொண்டுவந்தார். உள்ளே உப்பும் சேறும் இறுகி இயந்திரம் செத்துப்போயிருந்தது.

வெளியையாவது அழகாக்குவோம் என்று, கேட்காமலே பின்மூடியைக் கண்ணாடி மாதிரித் தேய்த்துக் கொடுத்தேன். வேலை தொடங்குமுன் அண்ணன் மணிக்கூட்டைக் கழற்றி, ஆணியும் அரமும் கிடக்கும் பலகையில்தான் வைப்பார். அப்படி முதுகில் விழுந்த கீறல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்கா விரலால் தடவிப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க துடைச்சது ஊத்தை இல்ல தம்பி, அவர்ட கை."

பாசிக்குடா மணிக்கூடு

நாட்டில் சண்டை முடிந்து பாசிக்குடாக் கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பின. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் மணிக்கூட்டை, கைப்பட்டியைப் பிடிக்கும் ஆணி கழன்றதென்று ஹோட்டல் மனேஜர் கொண்டுவந்தார். அதற்குப் பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒவ்வொரு தகட்டிலும் கையால் அலை அலையாகக் கோடு இழுத்து, விளிம்பெல்லாம் சரித்துச் சீவியிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. தோலோடு ஒட்டிக் கிடக்கிற பக்கத்தில் எதற்கு இவ்வளவு வேலை என்று கேட்டேன். மனேஜர் தொலைபேசியில் அவரிடமே விசாரித்துச் சொன்னார்.

"செய்தவன்ட கை அதுக்குள்ள இருக்காம். அது போதுமாம்."

உப்புக்கு அடியில்

எனக்கு அப்போதுதான் அந்தக் காகத்தின் கால் நினைவுக்கு வந்தது. தெரேசா அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். இந்தத் தடவை பொலிஷ் போட மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணிய பிறகே மணிக்கூட்டை மேசையில் வைத்தார். பின்மூடியைத் திறந்து, எண்ணெய் தொட்ட பஞ்சால் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அந்தக் கீறலையும் உப்பு தின்றிருந்தால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பயமாக இருந்தது. மெல்லிசாக நான் போட்ட குறி போயே போய்விட்டது. அண்ணனின் கீறல் அப்படியே கிடந்தது. நடந்ததைச் சொல்லி, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

"ஓம், இது அவர்ட கைதான். அவர் செய்து, கடல் கொண்டுபோன எங்கட வீட்டுக் கதவும் இப்பிடித்தான் கோணலாக் கிடந்தது."

இத்தனை வருடம் நான் வெட்டிய கொடிகளிலும் இலைகளிலும் ஒன்றையாவது அக்காவைப் போல ஒருவரும் சிரித்துக்கொண்டே அழுதபடி பார்த்ததில்லை. என் கடையில் அந்தப் பெருமை, உளி பிடிக்கத் தெரிந்த ஆனால் இரும்பு வெட்டத் தெரியாத ஒரு தச்சருக்குத்தான் கிடைத்தது.